வாசனைத் தொழிலும் நமது முற்றமும்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளுள் ஒன்றாக மறிச்சுக்கட்டியில் நடைபெற்ற மகளிர் ஒன்றுகூடலில், சங்கத்தின் சுகாதார, சுற்றாடல் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

  

நூற்றாண்டு விழா என்றால் பழைய கதை பேசி, படம் எடுத்து, வட்டிலப்பம் சாப்பிட்டுப் பிரிவதுதான் வழக்கம். அதையும் செய்வோம். ஆனால் இந்த ஊர் மாதர் சங்கத்துச் சகோதரிகள் எங்கள் குழுவிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதற்கு மறுமொழி சொல்லவே இப்போது எழுந்து நிற்கிறோம்.

கேள்வி இதுதான். கொழும்பு வியாபாரி ஒருவர் இங்கே வந்து போயிருக்கிறார். நீல நிறப் பிளாஸ்டிக் பரல்களில் வாசனை எண்ணெய் கொண்டுவந்து தருவாராம். வீட்டில் இருந்தபடியே அதைக் கலந்து, சின்னப் போத்தல்களில் அடைத்து, லேபல் ஒட்டிக் கொடுக்க வேண்டும். டசனுக்கு இவ்வளவு என்று கூலி. ஊதுபத்திக் குச்சிகளை வாசனையில் தோய்த்துக் காயவைக்கும் வேலையும் உண்டு. இதை எடுக்கலாமா, விடலாமா?

எங்கள் குழுவில் இரசாயனவியல் படிப்பிக்கும் ஒருவர், மருத்துவமாதாக வேலை செய்த ஒருவர், சவர்க்காரத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் என்று மூவர் இருக்கிறோம். "எடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவது எங்களுக்குச் சுலபம். நாளைக்கு அரிசிக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் வழி தேடுவது நீங்கள். ஆகவே தெரிந்ததை விபரமாகச் சொல்கிறோம். முடிவு உங்களுடையது. எங்கள் அபிப்பிராயத்தையும் மறைக்காமல் சொல்வோம்.

இந்த ஊரின் மணத்தைப் பற்றி நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். அது நல்ல மணமில்லை. 1906ஆம் ஆண்டு முத்துக்குளிப்புக் காலத்தில் லெனாட் வூல்ஃப் என்ற இளம் சிவில் சேவை உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்திலிருந்து மறிச்சுக்கட்டிக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்றவர். தன் வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கரையை நினைவுகூரும்போது அவர் மறக்காமல் சொல்வது அழுகிய சிப்பியின் நாற்றத்தையும் ஈக்களையும். வெறுங்கரையில் சில கிழமைகளுக்குள் இருபது முப்பதாயிரம் பேர் குடியேறிய ஒரு தற்காலிகப் பட்டணம் எழும்பும். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகள் வருவார்கள். இராமநாதபுரக் கரையிலிருந்து தமிழரும் சோனகரும் வருவார்கள். கடலிலிருந்து எடுத்த சிப்பியைக் கொட்டுகளில் குவித்து எண்ணி, மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் குளித்தவர்களுக்கு. அதன் பிறகு சிப்பியை நாட்கணக்கில் அழுக விடுவார்கள். புழு சதையைத் தின்று தீர்த்த பிறகு கடல் நீரில் கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். வாந்திபேதி வந்துவிடுமோ என்ற பயம் ஒவ்வொரு பருவத்திலும் இருந்தது. அதற்காகவே வைத்தியர்களையும் தங்க வைத்திருந்தார்கள்.

முத்து பம்பாய்க்கும் பாரிசுக்கும் போனது. அங்கே அதை அணிந்தவர்கள் யாரும் மறிச்சுக்கட்டியின் நாற்றத்தை முகர்ந்திருக்க மாட்டார்கள். அதே 1906இல் லண்டன் கம்பனி ஒன்று முத்துப் பார்களை இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி இல்லாமற் போயிற்று, கம்பனியும் கலைந்துவிட்டது. சிப்பி ஓடுகள் மாத்திரம் இந்தக் கரையில் தங்கின.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், வாசனைத் தொழிலும் இப்படிப்பட்ட ஒன்றுதான். போத்தலைத் திறப்பவருக்குப் போவது மணம். அதைச் செய்த இடத்தில் தங்குவது வேறு.

1976 யூலை 10ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை. இத்தாலியில் மிலான் நகருக்கு வடக்கே மேடா என்ற இடத்தில் இக்மேசா என்ற இரசாயனத் தொழிற்சாலை. அதன் சொந்தக்காரர் ஜெனீவாவின் ஜிவோடான், உலகத்துப் பெரிய வாசனைத் திரவியக் கம்பனிகளில் ஒன்று. ஜிவோடானோ அப்போது ஹொஃப்மன் லா றொஷ் என்ற மருந்துக் கம்பனிக்குச் சொந்தமாக இருந்தது. அன்று அங்கே ஒரு கொதிகலன் அளவுக்கு மீறிச் சூடாகி, அதிலிருந்து கிளம்பிய நச்சு முகில் பக்கத்து ஊரான செவெசோ மீது படிந்தது. முகிலுக்குள் இருந்தது டயொக்சின், மனிதர் அறிந்த மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. முயல்களும் கோழிகளும் செத்து விழத் தொடங்கின. பிள்ளைகளின் முகத்தில் கொப்புளம் எழும்பியது. தொழிற்சாலைக்காரர்கள் முதலில் சொன்னது தோட்டத்து மரக்கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான். முகிலில் இருந்தது டயொக்சின் என்று ஊருக்குத் தெரிய ஒரு கிழமைக்கு மேல் சென்றது. மக்களை வெளியேற்றத் தொடங்கியபோது இரண்டு கிழமை கடந்திருந்தது. எழுநூறுக்கு மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். நஞ்சு உணவில் ஏறிவிடும் என்று பல்லாயிரக்கணக்கான கால்நடைகளையும் கோழிகளையும் கொன்றார்கள். கர்ப்பிணித் தாய்மார் பட்ட மனவேதனை தனிக் கதை. மிக மோசமாக மாசுபட்ட பகுதியில் வீடுகளை இடித்து மண்ணைச் சுரண்டிப் புதைத்தார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் ஓக் மரங்கள் நிற்கும் ஒரு பூங்கா இருக்கிறது.

ஒரு சொல்லில் "போ" என்று சொல்லக் கேட்டு, சாவியைப் பூட்டில் விட்டுப் போனவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். 1990 ஒக்டோபரில் படகேறிக் கற்பிட்டிக்குப் போனவர்கள், இருபது வருடம் புத்தளத்து முகாம்களில் இருந்தவர்கள், திரும்பி வந்தபோது வீட்டு அத்திவாரத்துக்குள் மரம் முளைத்திருக்கக் கண்டவர்கள். செவெசோக்காரர் வெளியேறக் காரணம் வேறு. ஆனாலும் தன் வளவு காடாகிக் கிடப்பதைப் பார்ப்பது எப்படி என்று உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்தத் தொழிற்சாலை அன்று செய்துகொண்டிருந்தது ட்ரைகுளோரோபீனோல். அதிலிருந்து ஹெக்சாகுளோரபீன் என்ற கிருமிநாசினி தயாராகும். அந்தக் காலத்தில் சவர்க்காரத்துக்கும் பவுடருக்கும் போட்டது. அதற்கு நாலு வருடம் முன்பு, 1972இல், பிரான்சில் மொரான்ஜ் என்ற பெயரில் விற்ற குழந்தைப் பவுடரில் அதே ஹெக்சாகுளோரபீன் தயாரிப்பிடத்தில் நேர்ந்த பிழையினால் அளவுக்கு அதிகமாகக் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் இறந்தார்கள். வாங்கிய தாய்மார் எல்லோரும் பிள்ளை மணமாக, சுத்தமாக இருக்க வேண்டுமென்றுதான் வாங்கினார்கள். எங்கள் மருத்துவமாது இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவார்.

ஒரு பரலில் இருந்ததை இன்னொன்று என்று எடுத்தால் நடப்பது இதுதான். ஆகவே நீங்கள் அந்த வியாபாரியிடம் முதலில் கேட்க வேண்டியது கூலியைப் பற்றியில்லை. "இந்தப் பரலில் என்ன இருக்கிறது?" என்பதுதான் முதற் கேள்வி. எங்களுக்குக் காட்டிய மாதிரிப் பரலில் ஒரு இலக்கமும் 'ரோஸ்' என்ற சொல்லும் மட்டும் எழுதியிருந்தது. ரோசாப்பூவின் ஒரு துளி அதில் இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. அது குற்றமுமில்லை. இன்றைய வாசனையில் பெரும்பகுதி செயற்கை, அதில் பல பொருட்கள் பாதுகாப்பானவை. இயற்கை என்றாலே நல்லது, செயற்கை என்றாலே நஞ்சு என்ற பேச்சை நாங்கள் நம்புவதில்லை. பெர்கமொட் எலுமிச்சை எண்ணெய் முழுக்க முழுக்க இயற்கை. அதைத் தோலில் பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுத்துப் போகும்.

"அத்தரில் மதுசாரம் இல்லை, அது பாதுகாப்பு" என்று பலரும் சொல்வீர்கள். மார்க்க விடயத்தில் அது சரியாயிருக்கலாம். தோலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இந்தியாவில் கன்னௌஜ் என்ற ஊர் அத்தருக்குப் பேர்போனது. செப்புப் பானையில் பூவை வேகவைத்து, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது அவர்களின் பழைய முறை. சந்தனம் எட்டாத விலைக்குப் போன பிறகு, அந்த எண்ணெயின் இடத்துக்குப் பரபின் எண்ணெயும் டைஎதில் தலேற்றும் வந்துவிட்டன. மலிவான அத்தரில் மணத்தைவிட இவைதான் கூட. காதுக்குப் பின்னால், கழுத்தில், மணிக்கட்டில் அரிப்பும் சிவப்பும் உள்ளவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று கை உயர்த்தச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்று தெரிந்து கொள்ளுங்கள். வாசனைப் பொருளுக்குத் தோல் ஒருமுறை ஒவ்வாமை பழகிவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பூசுபவர் ஒரு துளி பூசுகிறார். போத்தலில் அடைப்பவரின் விரல் நாள் முழுக்க அதில் நனைகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படி ஒவ்வாமை தரும் 26 வாசனைப் பொருட்களின் பெயரை லேபலில் போட வேண்டும் என்ற சட்டம் 2005 முதல் நடைமுறைக்கு வந்தது. 2023இல் அந்தப் பட்டியல் எண்பதைத் தாண்டியது. லில்லி மலர் வாசனைக்காகச் சவர்க்காரம் முதல் ஷாம்பூ வரை போட்ட லிலியல் என்ற பொருள் இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டு, 2022 மார்ச் முதலாம் திகதியிலிருந்து அங்கே அழகுசாதனப் பொருட்களில் தடை செய்யப்பட்டது. அங்கே தடை என்றால் பரலில் உள்ளது உடனே மறைந்துவிடுமா? அது எங்காவது விலை போக வேண்டும். கேள்வி கேட்காத ஊருக்குத்தான் போகும்.

தொழில்காரர்கள் தாங்களாகவும் சில நல்ல காரியம் செய்திருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். 1966இல் வாசனைப் பொருட்களை ஆராய ஒரு நிறுவனமும், 1973இல் இஃப்ரா என்ற சர்வதேசச் சங்கமும் அவர்களே அமைத்தார்கள். எந்தப் பொருளை எவ்வளவு போடலாம், எதைப் போடவே கூடாது என்று இஃப்ரா விதி வெளியிடுகிறது. வேர்சலைட் என்ற கஸ்தூரி வாசனை இருபது வருடத்துக்கு மேல் பாவனையில் இருந்தது. எலிகளில் பரிசோதித்தபோது நரம்பு பழுதடைந்து, உள்ளுறுப்புகள் நீல நிறமாக மாறியதைக் கண்டார்கள். 1970களின் இறுதியில் அதைக் கைவிட்டார்கள். ஆனால் இந்த விதி சங்கத்தில் சேர்ந்தவர்களைத்தான் கட்டும். நீலப் பரல்காரர் அதில் சேர்ந்தவரிடம் வாங்கினாரா என்பது ஒரு துண்டுக் கடுதாசியில் தெரிந்துவிடும். இஃப்ரா சான்று என்று கேளுங்கள். பாதுகாப்புத் தரவுத் தாள் என்று கேளுங்கள். ஒழுங்கான கம்பனி இரண்டையும் இலவசமாகக் கொடுக்கும்.

மீன் பிடிக்கிற, மீன் சாப்பிடுகிற ஊர் என்பதால் இதைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறோம். கஸ்தூரி மானைக் கொல்லாமலே செய்யக்கூடிய செயற்கைக் கஸ்தூரியைக் கண்டுபிடித்தார்கள். மானுக்கு நல்லதுதான். சவர்க்காரத்தூளில் போட்ட அந்தக் கஸ்தூரி கழுவிய தண்ணீரோடு ஆற்றுக்குப் போனது. 1981இல் ஜப்பானில் தாமா ஆற்று மீன்களின் உடலில் அது இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். பிறகு ஐரோப்பாவில் தாய்ப்பாலிலும் கண்டார்கள். கொழுப்பில் கரைந்து தங்கிவிடும் பொருள் அது. கஸ்தூரி சைலீன் என்ற வகையை 2014 ஓகஸ்ட்டுக்குப் பின் ஐரோப்பாவில் விசேட அனுமதியின்றிப் பாவிக்க முடியாது. இங்கே நாங்கள் பரலைக் கழுவி ஊற்றும் தண்ணீர் எங்கே போகும்? இந்தப் பக்கம் ஆழக் குழாய் நீர் எல்லா வீட்டுக்கும் வரவில்லை. கிணறு பத்தடி தள்ளி இருக்கிறது. மழை பெய்தால் குளத்துக்கு, அங்கிருந்து மோதரகம ஆற்றுக்கு, பிறகு கடலுக்கு.

கடலைப் பற்றிச் சொல்லும்போது எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலைச் சொல்லாமல் விட முடியாது. பெயரிலேயே முத்து. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த அந்தக் கப்பலில் 1,486 கொள்கலன்கள். 25 தொன் நைட்ரிக் அமிலம், பிளாஸ்டிக் மணிகள், அழகுசாதனப் பொருட்கள் எல்லாம் இருந்தன. அதன் பிறகு செத்து ஒதுங்கிய ஆமைகளையும், மீன் வாங்கப் பயந்த சனத்தையும் நீங்கள் அறிவீர்கள். கடையில் போத்தலாக நிற்கும்வரை அந்தப் பொருள் எப்படிப் பயணம் செய்கிறது என்று நாங்கள் யாரும் யோசிப்பதில்லை.

வீட்டுக்குள் வருவோம். பிள்ளை பெற்ற வீட்டில் நாற்பது நாள் சாம்பிராணிப் புகை போடுவது நமது வழக்கம். தாயின் முடி காய, அறை மணக்க, குழந்தையைக் குளிப்பாட்டிய பிறகு என்று. ஊதுபத்தியும் அப்படித்தான். எரிகிற எந்தப் பொருளும் நுண்துகளையும் காபன் மொனொக்சைட்டையும் வெளிவிடும். ஊதுபத்திப் புகையில் பென்சீனும் போமல்டிகைட்டும் இருப்பதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். ஜன்னல் மூடிய அறையில், பிறந்து பத்து நாளான நெஞ்சுக்குள் அது போகிறது. மருத்துவமாது சொல்வது: சட்டியை முற்றத்தில் வையுங்கள், தாய் வெளியில் வந்து முடியைக் காயவைக்கட்டும், குழந்தை உள்ளே இருக்கட்டும். மாமிமார் கோபிக்க வேண்டாம். வழக்கம் அப்படியே இருக்கும், சட்டியை மாத்திரம் கொஞ்சம் தள்ளி வைக்கிறோம்.

சவூதியிலும் குவைத்திலும் வேலை செய்து வந்த சகோதரிகளுக்கு ஊதின் மணம் நன்றாகத் தெரியும். விருந்தாளி வந்தால் பகூர் சட்டியைக் கொண்டு சுற்றுவது அங்கே உங்கள் வேலையாக இருந்திருக்கும். அந்த ஊது அகில் மரத்துக்குள் விளையும் பிசின். நமது நாட்டின் தென்மேற்குக் காடுகளில் வல்லபட்ட என்ற மரம் உண்டு. முன்பு அதன் பட்டையில் கயிறு திரிப்பார்கள், வேறு பெரிய மதிப்பு இல்லை. அதிலும் அகில் போன்ற பிசின் உண்டு என்று 2012இல் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறகென்ன, காட்டில் கோடரிச் சத்தம். பிசின் எந்த மரத்தில் இருக்கிறது என்று வெளியில் தெரியாததால் கண்ட மரத்தையெல்லாம் வெட்டிப் பார்க்கிறார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டியோடு பிடிபட்டவர்கள் செய்தியில் வந்தார்கள். அந்த இன மரங்கள் முழுவதும் 2005 தொடக்கம் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. வெட்டியவர்களும் கொண்டு போனவர்களும் மாட்டுகிறார்கள். வாங்கியவர்கள் மாட்டியதாக நாங்கள் வாசித்ததில்லை.

'சுற்றாடல்' என்ற சொல் இந்த ஊரில் கசப்பான சொல் என்று எங்களுக்குத் தெரியும். சொந்தக் காணிக்குத் திரும்பி வந்தவர்களை வில்பத்துக் காட்டை அழிக்க வந்தவர்கள் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். 2017இல் வர்த்தமானி மூலம் இந்தப் பக்கத்து நிலம் வனப் பாதுகாப்புக்குள் போனபோது, தங்கள் வளவு கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றவர்கள் நீங்கள். கொழும்பிலிருந்து வந்து உங்களுக்குச் சுற்றாடல் படிப்பிக்க எவருக்கும் உரிமை இல்லை. நாங்களும் அதற்கு வரவில்லை. ஆனால் இந்தக் கிணற்றில் தண்ணீர் குடிப்பது நீங்கள். கெட்டுப் போனால் முதலில் அறிவதும் நீங்கள். அப்போது பரல்காரரைத் தேடினால் அவருடைய தொலைபேசி வேலை செய்யாது. நாளைக்கு ஒரு பரல் குளத்தில் கவிழ்ந்தால் தொலைக்காட்சி மறுபடியும் வரும், அப்போதும் காட்டுவது உங்கள் முகத்தைத்தான்.

இனி எங்கள் அபிப்பிராயம். போத்தலில் அடைக்கும் வேலையை எடுக்கலாம், வீட்டில் வைத்து வேண்டாம். மாதர் சங்கக் கட்டடத்தின் பின்னறைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்கிறது. அங்கே மேசை போட்டு, கையுறையோடு, பிள்ளைகளை உள்ளே விடாமல் செய்யலாம். மதுசாரம் கலந்த ஸ்பிரே வகையைத் தொடவே வேண்டாம். தூய மதுசாரத்தின் ஆவி 13 பாகை வெப்பத்திலேயே தீப்பிடிக்கக் கூடியது. மன்னாரில் மார்கழி இராத்திரியிலும் அதைவிடச் சூடு அதிகம், பக்கத்தில் விறகடுப்பு வேறு. மலிவுக்காக மெதனோல் கலந்திருந்தால் கண் பார்வையும் போகலாம். ஊதுபத்தி தோய்க்கும் வேலை பற்றி எங்கள் மூவருக்குள்ளும் ஒருமித்த கருத்து இல்லை. இருவர் வேண்டாம் என்கிறோம், ஒருவர் திறந்த கொட்டிலில் செய்யலாம் என்கிறார். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இரண்டு வேலையிலும் சேர வேண்டாம் என்பதில் மூவரும் ஒன்று.

வியாபாரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். மாதர் சங்கத்தின் பெயரில், உங்கள் கையெழுத்துக்காக வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பரலுக்கும் தரவுத் தாள் தமிழில் வேண்டும், ஆங்கிலத்தில் இருந்தால் நாங்கள் மொழிபெயர்த்துத் தருவோம். இஃப்ரா சான்று வேண்டும். வெறும் பரலை அவரே திருப்பி எடுக்க வேண்டும், இங்கே கழுவ மாட்டோம், தண்ணீர் வைக்கவும் கொடுக்க மாட்டோம். கையுறையும் கண்ணாடியும் அவர் செலவு, கூலியில் கழிக்கக் கூடாது. யாருக்காவது தோலிலோ நெஞ்சிலோ வருத்தம் வந்தால் வைத்தியச் செலவு யாருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இந்த வேலைக்கு உரிமம் தேவையா என்று முசலி பிரதேச செயலகத்தில் எழுத்து மூலம் கேட்க இன்னொரு கடிதமும் தயார்.

இவற்றுக்குச் சம்மதித்தால் அவருக்குச் செலவு கூடும், டசனுக்குக் கூலி சொன்னதைவிடக் குறையும் என்று அவர் பேரம் பேசுவார். பேசட்டும். இந்தக் கரையில் சிப்பி எண்ணிப் பங்கு பிரித்த ஊர்க்காரர் நீங்கள், கணக்குத் தெரியாதவர்களில்லை. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள்: கையுறை, எடை பார்க்கும் தராசு, காற்றோட்ட விசிறி இரண்டு, இவற்றுக்குப் பொறுப்பேற்க விரும்புவோர் சங்கச் செயலாளரோடு தொடர்பு கொள்ளுங்கள். அத்தர்ப் போத்தல் அன்பளிப்பாக அனுப்ப நினைப்பவர்கள் அந்தக் காசை விசிறிக்குச் சேர்த்துவிடலாம்.

கடிதம் அந்த மேசையில் இருக்கிறது. வட்டிலப்பத்துக்கு முன் வாசித்துப் பாருங்கள். திருத்த வேண்டியதைப் பென்சிலால் குறித்துவிடுங்கள்.